மாளிகையைக் கண்டோம், கைதியைக் கண்டோமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வேன் அமர்த்தாத தெரு இல்லை. வசதி படைத்தோர் கடல் கடந்தும் செல்கின்றனர். காரைக்கால், புதுச்சேரி வழியில் உறவினர் பிரான்சில் குடியேறியிருப்பின், அவர்களோடு லுவார் நதிக்கரையிலுள்ள அம்புவாஸ் என்னும் பழம்பெரும் ஊருக்கும், அதன் குன்றின் மேல் நிற்கும் அரச மாளிகைக்கும் போய்வருவோர் உண்டு. போவதில் குற்றமில்லை. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறு ஆயிற்று என்று பார்க்கும்படி திருமறை மீண்டும் மீண்டும் ஏவுகிறது. ஆனால், பார்த்து வந்தது என்ன என்று கேட்டால் புகைப்படங்களைத்தானே நீட்டுகிறோம்?

படிப்பினை என்பதற்கு அரபு மொழியில் ‘இப்ரத்’ என்று பெயர். ஆற்றைக் கடத்தல் என்னும் பொருள் தரும் ‘அபர’ என்ற வேரிலிருந்து பிறந்த சொல் அது. கண்முன் நிற்கும் கல்லிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத உண்மைக்குக் கடந்து செல்வதே இப்ரத். கல்லோடு நின்றுவிட்டவன் ஆற்றின் இக்கரையிலேயே நின்றுவிட்டவன்.

அம்புவாஸ் மாளிகையில் வழிகாட்டுவோர் எட்டாம் சார்லஸ் மன்னன் 1498இல் வாசல் நிலையில் தலை மோதி இறந்த கதையைச் சொல்வர். 1519இல் அவ்வூரில் மறைந்த ஓவியர் லியனார்டோ டாவின்சியின் கல்லறையைக் காட்டுவர். நம் பிள்ளைகள் அவற்றைக் கேட்டு வருகின்றனர். அதே மாளிகையில் நான்காண்டுகள் சிறையிருந்த அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ அவர்களைப் பற்றிக் கேட்டால் விழிக்கின்றனர்.

அல்ஜீரியாவில் 1808இல் பிறந்த அந்த மார்க்க அறிஞர், 1832 முதல் பதினைந்தாண்டுகள் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றார். கீழ்த்திசை முஸ்லிம் நாடு ஒன்றுக்குச் செல்ல விடுவதாகத் தளபதிகள் அளித்த வாக்கை நம்பி, 1847 டிசம்பரில் வாளை ஒப்படைத்தார். வாக்கு மீறப்பட்டது. தூலோன், போ ஆகிய ஊர்களுக்குப் பின் 1848 நவம்பரில் அம்புவாஸுக்குக் கொண்டுவரப்பட்டார். 1852 அக்டோபரில் லூயி நெப்போலியன் நேரில் வந்து விடுதலையை அறிவிக்கும்வரை அவர் அங்கேதான் இருந்தார். அந்நிய மண்ணின் குளிரில் அவரோடு வந்தவர்களுள் 25 பேர் மடிந்து, மாளிகைத் தோட்டத்திலேயே அடங்கினர். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

வாக்கு மீறப்பட்டவர் பின்னர் என்ன செய்தார்? 1860இல் டமாஸ்கஸ் நகரில் கலகக் கும்பல் கிறித்தவர்களைக் கொன்று குவித்தபோது, தம் ஆட்களோடு தெருவில் இறங்கி ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். சிறையிட்ட நாடு எதுவோ அதே நாடு அவருக்கு உயர்ந்த விருதை அனுப்பியது. 2005இல் அம்புவாஸ் தோட்டத்தில் அந்த 25 பேருக்கும் நினைவுக் கற்கள் நாட்டப்பட்டன. 2022 பிப்ரவரியில் அவ்வூரில் அமீரின் உருவம் தாங்கிய உலோகச் சிற்பத்தை, திறப்பு விழாவுக்குச் சற்று முன் யாரோ சேதப்படுத்தினர். விழா நிற்கவில்லை. அங்கே அவரை வெறுப்பவரும் மறக்கவில்லை, போற்றுபவரும் மறக்கவில்லை. மறந்தவர்கள் நாம்தாம்.

‘பிரான்சு தூரம், எங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பீர்கள். ஆகட்டும். வேலூர் தூரமா? பூந்தமல்லியில் வண்டியேறினால் மூன்று மணி நேரத்திற்குள் பாலாற்றங்கரை ஊருக்குப் போய்ச் சேரலாம். ஆம்பூர் பிரியாணிக்காக அவ்வழியே எத்தனை முறை போயிருக்கிறோம்!

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், அவருடைய மக்களும் குடும்பத்துப் பெண்டிரும் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டனர். ஹைதர் மஹால், திப்பு மஹால் என்னும் பெயர்களோடு கட்டடங்கள் அங்கே இன்றும் நிற்கின்றன. 1805 நவம்பரில் கும்பினிப் படை புதிய உடை விதியைக் கொண்டுவந்தது. நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, தாடி மழிக்கப்பட வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்றது. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை விரைந்து வந்து அன்றே எழுச்சியை நசுக்கியது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். இளவரசர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். 1857க்கு 51 ஆண்டுகள் முன் நம் வாசலில் நடந்தது இது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் தேதியைச் சொல்வார்கள்?

‘பாழுங் கோட்டையும் பழைய கப்ரும் பார்ப்பது வீண்’ என்பார் ஒரு சாரார். கப்ருகளைக் காண்பதை முதலில் தடுத்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்னர் அது மறுமையை நினைவூட்டும் என்பதற்காகவே அனுமதித்தார்கள். அகழியருகே நொறுக்குத் தீனி தின்று திரும்புவது வீண் என்றால் ஒப்புக்கொள்வேன். ஹைதர், திப்பு குடும்பத்துப் பெண்டிர் அடங்கியுள்ள இடத்திற்குச் சென்று, அரியணையின் ஆயுள் எவ்வளவு என்று எண்ணிப்பார்ப்பது வீணாகுமா?

இன்னொரு சாரார் திப்புவின் பெயரைச் சொல்லித் தோள் தட்டுவதோடு நின்றுவிடுவர். அவர்களுக்கும் ஒரு சொல். நெற்றிக் குறியையும் தாடியையும் ஒரே ஆணையில் இழிவுபடுத்தியதால்தான் இந்துவும் முஸ்லிமும் ஒரே விடியலில் எழுந்தனர். கோட்டைக்கு அப்பால் பாலாற்றங்கரையில் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீவிக்ரமராஜசிங்கரின் சமாதி உள்ளது. 1815இல் நாடிழந்து, மறு ஆண்டு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் காவலிலேயே இறந்தவர் அவர். அவருடைய கண்ணீருக்கும் திப்பு வீட்டுப் பெண்டிரின் கண்ணீருக்கும் நிறம் வேறா? தன் சமூகத்தின் துயரை மட்டும் படிப்பவன் வரலாற்றில் பாதியைக் கிழித்தெறிந்தவன். டமாஸ்கஸில் அமீர் நமக்குக் கற்பித்தது இதுவேயன்றோ?

தந்தையரே, தாய்மாரே! மதரஸாக்களில் அந்தலுஸின் வீழ்ச்சி உருக்கத்தோடு சொல்லப்படுகிறது. அதனருகே வேலூருக்கும் ஒரு பாடம் வையுங்கள். ஜூலை 10 அன்று பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். போகுமுன் யார் யார் அங்கே அடைபட்டிருந்தனர், ஏன் அடைபட்டனர் என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பியதும் ஒரு பக்கம் எழுதச் செய்யுங்கள். அம்புவாஸுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் தோட்டத்திலுள்ள அந்த 25 கற்களின் முன் நின்று ஃபாத்திஹா ஓதி வாருங்கள்.

மாளிகையைக் கட்டியவனின் பெயரை அரசாங்கமே பலகையில் எழுதி வைத்துக்கொள்ளும். அதில் அடைபட்டிருந்தவனின் பெயரைப் பெற்றோர் சொல்லாவிடில் பிள்ளைக்கு வேறு யார் சொல்வார்?