ஊசி போட்டும் சளி பிடிச்சுதே!

"போன வருஷம் அந்த ஊசியப் போட்டேன். அடுத்த மாசமே சளி பிடிச்சுது. இந்த வருஷம் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை முடித்து வந்த அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்கு வயது 67, நீரிழிவும் இருக்கிறது. அதைவிட, 'சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்' என்று காலை நிகழ்ச்சியில் வாசிப்பதே நான்தான். அம்மா ஒருநாள் விடாமல் கேட்பார்.

"நீ சொன்னதாலதானே போன வருஷம் போட்டேன்?" என்றார்.

யோசித்தபோதுதான் புரிந்தது. இன்ஃபுளுவென்சாவை நாங்கள் 'சளிக்காய்ச்சல்' என்கிறோம். செய்தியறையில் அது ஒரே நோயின் பெயர். அம்மாவின் காதிலோ சளி, காய்ச்சல் என்று இரண்டாக விழுகிறது. அப்படியானால் மூக்கு ஒழுகினாலே ஊசி தோற்றுவிட்டது என்றுதானே நினைப்பார்?

சாதாரணச் சளியைக் கொண்டுவரும் கிருமிகள் 200-க்கும் மேல். இந்த ஊசி அவற்றைத் தடுக்காது. அது இன்ஃபுளுவென்சாவுக்கு மட்டும். சளி என்றால் நாலு நாள் தும்மல், மிளகு ரசம், தைலம், முடிந்தது. இன்ஃபுளுவென்சா திடீரென்று அடித்துப் போடும். கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி, எழுந்து நிற்கவே தெம்பிருக்காது. மூத்தவர்களுக்கும் நீரிழிவு, இதய நோய் உள்ளவர்களுக்கும் அது நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். ஊசி போட்டும் சிலருக்கு வரத்தான் செய்யும். ஆனால் மருத்துவமனைவரை போகும் ஆபத்து குறைகிறது.

"அப்போ வருஷா வருஷம் எதுக்கு? ஒரு தடவை போதாதா?"

நல்ல கேள்வி. எந்த நேயரும் என்னிடம் கேட்டதில்லை. கிருமி உருமாறிக்கொண்டே இருக்கிறது. உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தியும் சில மாதங்களில் குறைகிறது. அதனால் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் உலகச் சுகாதார நிறுவனம் கூடி, அடுத்த ஊசியில் எந்த வகைக் கிருமிகள் இருக்க வேண்டுமென்று பரிந்துரைக்கிறது. சிங்கப்பூரில் குளிர்காலம் கிடையாது, ஆண்டு முழுவதும் இந்நோய் உண்டு. ஆண்டின் நடுவிலும் ஆண்டிறுதியையொட்டியும் கூடும். ஊசி போட்டு, பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரமாகும். பரவத் தொடங்கியபின் ஓடினால் தாமதம்தான்.

இதையெல்லாம் முப்பது விநாடி அறிவிப்பில் எப்படிச் சொல்வது? 'சாஸ் மருந்தகங்களில் கட்டணக் கழிவு உண்டு' என்று முடிப்பதற்குள் பாட்டு வந்துவிடும்.

அம்மா முழுவதும் கேட்டார். பிறகு நிதானமாக, "சரி, நீ போட்டியா?" என்றார்.

நான் போடவில்லை. இரண்டு வருடமாக நேரமில்லை என்று தள்ளிப்போட்டிருந்தேன்.

சனிக்கிழமை இருவரும் வீட்டருகே உள்ள மருந்தகத்துக்குப் போனோம். அம்மா முதலில், நான் அடுத்து. மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்தார்.

"கை வலிக்குது. ரெண்டு நாள்ல போயிடும்னு தாதி சொன்னாங்க. இத ஏன் நீ ரேடியோவுல சொல்றதில்ல?"