படிக்கவியலாச் சட்டத்திற்குத் தற்சான்றா?

ஆலங்குடிப் பக்கத்தில் வீடு கட்ட முனையும் ஓர் உழவரை எடுத்துக்கொள்க. அவர் கையில் இருப்பது ஒரே மனை. பட்டாவில் அதன் பரப்பு 2.32 ஏர். விற்பனை ஆவணத்தில் அது 5.74 சென்டு. கொத்தனார் கயிறு பிடித்து அளந்துவிட்டு 2,500 சதுர அடி என்பார். கட்டட விதிகளைத் திறந்தாலோ அதே மண் 232 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. அவருடைய பாட்டன் அதனைக் குழிக்கணக்கில் அறிந்திருந்தான். அக் கணக்கு இன்று எந்த அலுவலகத்திலும் செல்லாது. மண் மாறவில்லை. அதனை ஆளும் தாள்கள்தாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை.

இத்தகைய சிறு மனைகளுக்கென்றே தமிழ்நாட்டரசு ஒரு திட்டம் வகுத்தது. 2024 சூலை 22 அன்று முதலமைச்சர் மு.க. இசுடாலின் அதனைத் தொடங்கிவைத்தார். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ, அதன்மேல் ஒரு தளமுமோ கொண்ட குடியிருப்பு வீடு கட்டுவோர் அலுவலகப் படியேற வேண்டியதில்லை. இணையத்தின்வழி விண்ணப்பித்து, ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, விதிகளுக்கு உட்பட்டே கட்டுவதாகத் தாமே சான்றுரைத்துக் கட்டணத்தைச் செலுத்தினால் இசைவு உடனே கிடைக்கும். முன்கூட்டிய இடப்பார்வை இல்லை; கட்டி முடித்தபின் முடிவுச் சான்றும் கேட்கப்படுவதில்லை.

இது நல்ல திட்டம். நன்றை நன்றென்று சொல்லத் தயங்குதல் தமிழனுக்கு அழகன்று. ஒரு சிறு வீட்டின் வரைபடம் மேசைக்கு மேசை நகர்ந்து, ஒவ்வொரு மேசையிலும் எதையேனும் உதிர்த்துவிட்டுப் போன காலத்தை வீடு கட்டியவர் எவரும் மறந்திரார். அந்நிலை ஒரு கூறளவேனும் ஒழிந்தது எனின் மகிழலாம். கட்டணம் கூடிவிட்டது என்ற முறையீடும் உண்டு. பலவாகக் கிடந்த கட்டணங்களை ஒன்றாகத் திரட்டி, உள்ளாட்சியின் தரத்திற்கேற்பச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வரையறுத்துள்ளனர். ஊராட்சிக்கு ஒன்று, பேரூராட்சிக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று. புதுக்கோட்டை நகராட்சி 2024-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பெற்றபோது வெடி வெடித்துக் கொண்டாடியவர்கள், வீடு கட்டத் தொடங்கும் நாளில் அவ்வுயர்வின் விலையை அறிந்துகொள்வர். அது கிடக்கட்டும், இங்குப் பேச வந்த செய்தி வேறு.

சான்று என்றால் என்ன? ஒன்றை அறிந்தவன், தான் அறிந்ததை அறிந்தவாறு உரைப்பது சான்று. அறியாதவன் உரைப்பது சான்றாகாது. இவ்வீட்டுக்காரர் எதற்குச் சான்றுரைக்கிறார்? 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் வழிவந்த, 2019 பிப்பிரவரி 4 அன்று அறிவிக்கப்பெற்ற ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளுக்கு. அவ்விதிகள் ஆங்கிலத்தில் அறிவிக்கப்பெற்றவை. அலுவலகங்களில் ஆங்கிலத்திலேயே புழங்குபவை. அன்று முதல் பலமுறை திருத்தப்பெற்றவை. திருத்தங்களும் ஆங்கிலமே. உறுதிமொழிப் படிவம் எம்மொழியில் இருந்தாலும் அது சுட்டும் விதி அவர் படிக்கவியலாத மொழியில் இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டு, ‘வழியை நன்கு பார்த்தே நடந்தேன் என்று கையெழுத்திடு’ என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

முன்னர் வரைபடத்தைப் பார்த்து ஒப்புதல் தந்தவர் அலுவலர். பிழை இருந்தால் அவரும் அதில் ஒரு பங்கைச் சுமந்தார். இப்போது பொறுப்பு முழுதும் கட்டுகின்றவர் தலையில் இறங்கிவிட்டது. கூறியது பொய்யெனக் கண்டால் இசைவு நீக்கப்படும். விதிமீறல் நடவடிக்கையும் அவர்மேல்தான். சுமையை மாற்றியவர்கள் சுமையின் பொருளையும் மாற்றித் தந்திருக்க வேண்டாவா?

விதிகள் புரியாதவை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. அவற்றின் கருத்து மிக எளியது. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம் என்பது ஒரு விதி. உயரமல்லாக் கட்டடத்திற்கு அது பொதுவாக இரண்டு மடங்கு. 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் கூடி 2,400 சதுர அடி. மனையின் எல்லைக்கும் சுவருக்கும் இடையில் முன்னும் பின்னும் பக்கத்திலும் எவ்வளவு வெற்றிடம் விட வேண்டும் என்பது இன்னொரு விதி. மனைக்கு முன்னுள்ள தெரு எத்துணை அகலம் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவற்றைத் தமிழில் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் படித்த பெண்மணியும் தம் வீட்டுக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்துவிடுவார். அதனையே மூன்று ஆங்கில எழுத்துகளின் சுருக்கமாக்கி, அச்சுருக்கத்தைத் தமிழெழுத்தில் பெயர்த்து எழுதிவிட்டால் பொறியாளரும் தரகரும் மட்டும் அறிந்த மறைமொழி ஆகிவிடுகிறது. அலுவலக வாயிலில் நின்ற தரகன் ஒழிந்தான் என்றார்கள். அவன் ஒழியவில்லை, கணினிக் கடைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறான். ‘இங்கே தொடுங்கள், அங்கே கையெழுத்திடுங்கள், மற்றதை யான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறான். தற்சான்று இவ்வாறு தரகன் சான்றாகத் திரிகின்றது.

திட்டத்தின் பெயரும் சொல்லத்தக்கதே. ‘சுயசான்றிதழ்’ என்று பெயரிட்டார்கள். தன்+சான்று, தற்சான்று. தற்செயல், தற்சார்பு, தற்பெருமை என்று நாள்தோறும் வழங்கும் புணர்ச்சிதான். அஃதிருக்க, ‘சுய’ என்னும் வடசொல்லை ஏன் கொண்டுவந்து ஒட்ட வேண்டும்? ‘அனுமதி’க்கு இசைவு என்னும் சொல் எந்த வகையில் குறைந்தது? இன்னொன்று. கட்டப்பெற்றது கட்டடம், கட்டுதற்குரிய இடம் கட்டிடம். இவ் வேறுபாட்டைக் காத்தெழுதும் அறிவிப்புப் பலகைகள் அரசு அலுவலகங்களிலேயே அரியவை. மனைக்கும் வீட்டுக்கும் வேறுபாடு காண வேண்டிய துறைக்கு இச்சொல் வேறுபாடு விளங்காமற் போனது வேடிக்கைதான்.

கட்டடத் தொழிலுக்குத் தமிழில் சொல் இல்லை என்பாரை ஒரு நாள் ஏதேனும் ஒரு கட்டுமிடத்தில் நிற்கச் சொல்ல வேண்டும். கடைக்கால் தோண்டுகிறார்கள். மூலைமட்டம் வைத்து மூலை பார்க்கிறார்கள். தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர்மை பார்க்கிறார்கள். கரணையால் சாந்து பூசி, மட்டப்பலகையால் இழுத்து, சாரம் கட்டி ஏறுகிறார்கள். நிலை, கதவு, தூண், திண்ணை, முற்றம், தாழ்வாரம், கைப்பிடிச்சுவர் என வீடு முழுதும் தமிழால் எழுகின்றது. சித்தாளாகக் கல் சுமக்கும் பெண் அறிந்த சொற்களைச் சட்டம் எழுதும் கற்றோர் அறிந்திலர்; குறை தமிழினது அன்று.

இது புதுக்கோட்டை மண்ணிலிருந்து எழும் முறையீடு என்பதற்கு ஒரு கரணியம் உண்டு. இம்மண்ணில் சட்டம் கல்லில் இருந்தது. குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம், குன்றாண்டார்கோயில் என எங்குத் திரும்பினும் நிலத்தின் எல்லையும் அளவும் வரியும் விலையும் கல்லில் வெட்டப்பெற்றுள்ளன. தனியரசாய் இருந்த காலத்திலேயே, 1929-இல், ஆயிரத்திற்கு மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலங்களைத் தொகுத்துப் புதுக்கோட்டை அரசு நூலாக வெளியிட்டது. கிரந்தமும் வடசொல்லும் கலந்த கல்வெட்டுகள் இல்லாமல் இல்லை. ஆயினும் கீழ்பால் எல்லை எது, மேல்பால் எல்லை எது என்று சொல்லும் இடம் வந்தால் கல் தமிழிலேயே பேசும். ஏனெனில் அவ்வெல்லையைக் காக்க வேண்டியவன் அதனைப் படிக்க வேண்டும் என்பதை அக்காலத்து ஊரவை உணர்ந்திருந்தது. எல்லாரும் கூடும் கோயிற்சுவரில் அதனை வெட்டியதும் அதற்காகவே.

அக்கல்லுக்கே இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறது. கனிமம் உள்ள நிலங்களுக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உண்டென்று 2024 சூலை 25 அன்று இந்திய உச்சமன்றத்தின் ஒன்பதின்மர் ஆயம் தீர்ப்பளித்தது. மாநில உரிமையில் வேட்கையுடையோர் அனைவரும் மகிழத்தக்க தீர்ப்பு. அதன் அடிப்படையில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாண்டே சட்டம் இயற்றியது. 2025 ஏப்பிரலில் அது நடைமுறைக்கு வந்தது. சல்லிக்கும் கல்மணலுக்கும் மூலமான கல்லுக்கு டன்னுக்கு உருபா 90 வரி. வரி விதிக்கப்பெற்றது கற்குழி உரிமையாளர்மேல். செலுத்துவதோ யார்? கல்லுடைப்பு ஆலையார் விலையை ஏற்றினர். பின்னர் வேலைநிறுத்தம் செய்தனர். கட்டடப் பணிகள் நின்றன. அத்திங்களின் இறுதியில் அரசு அவர்களோடு பேசி, ‘சீனியரேசு’ என்னும் பழைய கட்டணத்தை டன்னுக்கு 60 உருபாவிலிருந்து 33 ஆகக் குறைத்தது. அவர்களும் நூறு கன அடி கொண்ட அலகுக்கு ஏற்றிய விலையில் ஆயிரம் உருபா குறைப்பதாக ஒப்பினர். ஏறியது முழுதும் இறங்கியதாக வீடு கட்டும் எவரும் சொல்லவில்லை.

‘சீனியரேசு’ என்பது பழைய பிரெஞ்சு நாட்டு நிலக்கிழானின் உரிமையைக் குறித்து எழுந்த சொல். நார்த்தாமலைக் கல்லை உடைக்கும் தமிழன் இன்றும் அப் பிரெஞ்சுக்காரனின் பெயரால் பணம் கட்டிச் சீட்டு வாங்குகிறான். நிலவுரிமைப் பங்கு என்றால் அவனுக்கு விளங்கும். யாருடைய நிலம், யாருக்குப் பங்கு என்று கேட்கவும் தோன்றும்.

இவ்விலையேற்றம் மாளிகை கட்டுவோனை வருத்தாது. ஊர்ப்புறக் குடிசைவாழ் மக்களுக்கெனத் தமிழ்நாட்டரசு நடத்தும் கலைஞர் கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை இலக்கம் உருபா என்ற கணக்கில் 2024-இல் தொடங்கிற்று. தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பெற்றது. சல்லியின் விலைக்கு அத்தகைய வரையறை இல்லை. இடைவெளியை நிரப்புவது அவ்வீட்டுப் பெண்ணின் காதணி. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கசாப் புயலில் கூரை இழந்த ஊர்கள் இம் மாவட்டத்தில் எத்தனை! காங்கிரீட்டுக் கூரை அவர்களுக்கு ஆடம்பரம் அன்று.

கல்லின் பணம் எத்தகையது என்பதற்கு ஒரே ஒரு செய்தி போதும். 2025 சனவரியில் திருமயம் வட்டாரத்தில், முறைகேடாகக் கல்வெட்டியெடுத்தலை எதிர்த்து அலுவலர்க்கு முறையிட்டு வந்த ஒருவர் சரக்குந்து மோதி இறந்தார். அது கொலை வழக்கானது. கற்குழி உரிமையாளரும் குற்றம் சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டனர். சிறுவீட்டுக்காரனிடம் அங்குலக் கணக்கில் உறுதிமொழி கேட்கும் அரசு, மலையை விழுங்குவோனிடமும் அதே கண்டிப்பைக் காட்டிற்றா என்று மாவட்டமே கேட்டது.

இனி, சட்டம் ஆங்கிலத்தில் இருப்பதற்கு ஆளவந்தார் கூறும் ஒரே விடை, இந்திய அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு. நாடாளுமன்றம் வேறு வகை செய்யும்வரை, சட்டங்கள் ஆணைகள் விதிகளின் உறுதிமூலம் ஆங்கிலமே என்கிறது அது. மாநிலச் சட்டமன்றம் தன் மொழியில் சட்டம் செய்யலாம். ஆனால் ஆளுநரின் இசைவோடு வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே ஆங்கில உறுதிமூலமாகக் கொள்ளப்படும். இது தமிழர் கழுத்தில் கிடக்கும் நுகம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந் நுகத்தைக் காட்டித் தப்பிக்கவும் கூடாது. தமிழில் எழுதாதே என்று அப்பிரிவு எங்கும் தடுக்கவில்லை. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-லேயே இயற்றப்பெற்றுவிட்டது. ஆட்சிச் சொல்லகராதிகளும் அரசே வெளியிட்டவை உள்ளன. அயர்லாந்தில் ஐரிய மொழியை நாள்தோறும் பேசுவோர் மிகச் சிலர். இருந்தும் அந்நாட்டு அரசியலமைப்பில் ஐரிய மூலத்திற்கும் ஆங்கில மூலத்திற்கும் முரண் எழுந்தால் ஐரியமே வெல்லும். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழ்நாட்டில் ஒரு வீட்டுச்சுவர் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைத் தமிழ் சொல்லக் கூடாதா?

பெரிய மாளிகைகளின் விதிகள் பின்னர் வரட்டும். தற்சான்றுக்கு உட்பட்ட சிறுவீடுகளுக்குரிய விதிகள் நாலைந்து பக்கங்களுக்குள் அடங்குபவை. அவற்றைத் தெளிதமிழில், அடிக்கணக்கும் மீட்டர்க்கணக்கும் அருகருகே தந்து, படம் வரைந்து, அரசிதழிலேயே வெளியிடலாம். திருத்தம் வருந்தோறும் தமிழ்த் திருத்தமும் அதே நாளில் வரலாம். அதன் படி ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தொங்கலாம்.

அதுவரை, இம் மாவட்டத்தில் வீடு கட்ட இசைவு கோரும் தமிழன்பர் ஒவ்வொருவரும் தம் விண்ணப்பத்தோடு ஒரு வேண்டுகை மடலையும் இணைக்கலாம்: யான் சான்றுரைக்கும் விதிகளின் தமிழ்ப்படியை எனக்குத் தருக என்று. இல்லை என்று விடை வருமாயின், அவ்விடையையும் தமிழில், அலுவலரின் கையெழுத்தோடு எழுத்தாகக் கேட்டுப் பெறுக.