சைக்கிள் கற்றவர்களை உட்கார வைத்தோம்

புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் செல்லும் சாலையில் இருக்கிறது அன்னவாசல். அதன் பக்கத்திலுள்ள சித்தன்னவாசலை இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைப் பற்றி நாம் எழுதித் தீர்த்துவிட்டோம். குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம். அதில் வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. சமணத் துறவியர் அங்கே கடுந்தவம் நோற்றார்கள். உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தவர்களும் உண்டு என்பர். பாறையில் வெட்டிய ஏழு படிகளில் அடிவைத்து ஏறி, தாமாகத் தேர்ந்து, அங்கே போய்ப் படுத்தவர்கள் அவர்கள்.

குன்றுக்குக் கீழேயுள்ள ஊர்களிலும் படுக்கைகள் இருக்கின்றன. கயிற்றுக் கட்டில்கள், இரும்புக் கட்டில்கள். அவற்றில் கிடக்கும் முதியவர்களில் பலர் அந்தப் படுக்கையைத் தேர்ந்துகொண்டவர்கள் அல்லர். ஒருநாள் வாசற்படியிலோ, கிணற்றடியிலோ, சோப்புநீர் சிந்திய குளியலறையிலோ விழுந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் எழவில்லை. ‘வயசாச்சு, விழுந்துட்டாங்க’ என்று இரண்டு சொல்லில் ஊர் அதை முடித்துவிடுகிறது. முதுமை மட்டும் அவர்களை வீழ்த்தவில்லை. நம் அன்பும் சேர்ந்துதான் வீழ்த்தியது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

65 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருமுறையாவது விழுகிறார். உலகெங்கும் விழுந்து இறப்பவர்கள் ஆண்டுக்கு 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல். 2021க்கான கணிப்பின்படி 13.6. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதுமையடைந்துவரும் பெரிய மாநிலம் நம்முடையது.

இனி நம் அன்பு செய்யும் வேலையைப் பார்ப்போம். அம்மாவுக்கு அறுபத்தைந்து ஆகிறது. மகன் வெளியூரிலிருந்து வருகிறான். ‘நீ ஏன் தண்ணி தூக்குற? நீ ஏன் வாசல் கூட்டுற? சும்மா உக்காரும்மா’ என்கிறான். மருமகள் காப்பியைக் கட்டிலுக்கே கொண்டுவந்து தருகிறாள். ஒருமுறை கால் இடறிவிட்டால் போதும், மறுநாள் முதல் தெருவுக்குப் போகத் தடை. ஊர் மெச்சுகிறது: ‘தாயைத் தாங்குறான்’. தாங்கப்படுகிற அந்த உடம்புக்குள் நடப்பது வேறு. பயன்படாத தொடைத் தசை முதுமையில் வேகமாகக் கரைகிறது. நிற்கும்போது நம்மை நிறுத்தி வைப்பவை கண், உட்செவி, பாதத்திலும் மூட்டிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகள். அச்செய்திகளுக்கேற்பக் கணுக்காலும் இடுப்பும் நொடிக்குள் திருத்திக்கொள்ள வேண்டும். இந்தத் திருத்தம் பழக்கத்தால் வருவது. பழக்கம் விட்டால் போவது. உட்கார்ந்திருப்பவருக்கு அது தேவைப்படுவதில்லை, எனவே மங்குகிறது. மங்கியதும் தள்ளாட்டம், தள்ளாட்டத்தால் பயம், பயத்தால் இன்னும் அதிகமாக உட்காருதல். விழுந்துவிடுவோம் என்ற அச்சமே விழுவதற்கு வழிசெய்கிறது என்பது முதியோர் மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. பாசத்தோடு இந்தச் சுழலைத் தொடங்கி வைப்பவர்கள் நாம்.

இதை மாற்ற முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. நியூசிலாந்தின் டுனீடின் நகரில், எண்பது வயதும் அதற்கு மேலுமான 233 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 1997இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. பாதிப்பேருடைய வீட்டுக்கு முதல் இரண்டு மாதங்களில் நான்குமுறை இயன்முறை மருத்துவர் சென்று, காலை வலுப்படுத்தும் பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் கற்றுத்தந்தார். மற்ற பாதிக்கு அது இல்லை. ஓராண்டு முடிவில், பயிற்சி இல்லாதவர்களிடையே 152 வீழ்ச்சிகள். பயிற்சி பெற்றவர்களிடையே 88. எண்பதைத் தாண்டிய பெண்களிடம் இது நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 2019இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு 108 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, உடற்பயிற்சி வீழ்ச்சிகளை நூற்றுக்கு 23 குறைக்கிறது என்று கண்டது. பலன் தெளிவாகத் தெரிந்தது சமநிலைப் பயிற்சியில். அதோடு வலுவூட்டும் பயிற்சியும் சேரும்போது இன்னும் கூடுதல். வெறும் நடைப்பயிற்சி வீழ்ச்சியைத் தடுக்கிறதா என்பதற்கு உறுதியான விடை கிடைக்கவில்லை.

இந்தக் கடைசி வரியைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நம் ஊரில் உடற்பயிற்சி என்றாலே நடை. 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. நல்லதுதான், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நடை மருந்து. ஆனால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத மூதாட்டிக்கு எட்டு கிலோமீட்டர் எதற்கு? அவருக்கு வேண்டியது எட்டு அடிக்குள் நடக்கிற காரியம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடுவரை வந்தது. இயன்முறை மருத்துவத்தையும் கொண்டுவந்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்த இயன்முறை பெரிதும் முடங்கியவர்களை நாடிச் செல்வது. டுனீடினில் அது விழுமுன்னரே வீட்டுக்கு வந்தது. வேறுபாடு அவ்வளவே, ஆனால் அந்த வேறுபாட்டுக்குள் ஓர் இடுப்பெலும்பு இருக்கிறது.

‘சொன்னால் கேட்பதில்லையே, பெரியவர்கள் பிடிவாதம்’ என்பார்கள். கேட்கமாட்டார்கள்தான், நாம் சொல்கிற விதம் அப்படி. பிரிட்டனில் லூசி யார்ட்லியும் அவர் குழுவினரும் முதியவர்களிடம் பேசி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துலக்குகிறது. வீழ்ச்சித் தடுப்பு பற்றிய அறிவுரை நல்ல அறிவுரைதான், ஆனால் தமக்கானதன்று, தம்மைவிடத் தளர்ந்தவர்களுக்கானது என்றே பலரும் கருதினார்கள். ‘விழுந்துவிடுவாய்’ என்று ஒருவரிடம் சொல்வது, ‘நீ முடிந்துபோனவள்’ என்று சொல்வதாகவே அவர் காதில் விழுகிறது. அதை ஒப்புக்கொள்ள மறுப்பதில் பிடிவாதம் இல்லை, தன்மானம் இருக்கிறது.

அப்படியானால் எப்படிச் சொல்வது? இந்தக் கேள்விக்கு விடைதேடி அன்னவாசல்காரர்கள் நியூசிலாந்துக்கும் பிரிட்டனுக்கும் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இதற்கு விடை கண்ட மாவட்டம் ஒன்று உண்டென்றால் அது அவர்களுடைய மாவட்டம்தான்.

1991இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தரப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளை எடுத்தார்கள் என்றும், 70,000க்கும் மேற்பட்டோர் பொது இடங்களில் ஓட்டிக் காட்டினார்கள் என்றும் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று கைப்பிடியில் கொடிகட்டி, மணியடித்துக்கொண்டு 1,500 பெண்கள் புதுக்கோட்டை நகரை வலம்வந்தார்கள். பெண்களுக்கான வண்டி போதவில்லை. ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். அந்தக் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். தெருவில் ஆபாசமாகப் பேசியவர்கள் உண்டு. இயக்கம் கொடுத்த சமூக ஒப்புதல் அவர்களுக்குக் கவசமாயிற்று.

சைக்கிள் பழகுவது என்றால் என்ன? சமநிலை பழகுவது. விழாமல் யாரும் அதைக் கற்றதில்லை. முட்டி சிராய்த்து, சேலையில் மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி ஏறியவர்கள் அவர்கள். ‘விழுந்துவிடுவாய், வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் ஒருத்தியும் ஏறியிருக்க மாட்டாள். ‘உடம்புக்கு நல்லது’ என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். பேருந்துக்குக் காத்திராமல் போகலாம், ஆண்துணை இல்லாமல் திரும்பலாம், தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு வரலாம் என்பதற்காக ஏறினார்கள். கூடவே நூறுபேர் ஏறினார்கள் என்பதற்காகவும் ஏறினார்கள்.

அன்று முப்பது வயதில் கைப்பிடியைப் பற்றியவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அவரைத்தான், அதே அவரைத்தான், ‘சும்மா உக்காரும்மா’ என்கிறோம். ஒரு தலைமுறைப் பெண்களுக்குச் சமநிலையைக் கற்றுத்தந்து நாடறியப் புகழ்பெற்ற மாவட்டம், அவர்கள் அதை இழக்கிற வயதில் வாளாவிருக்கிறது.

இங்கே இலக்கியக்காரர்களுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் நமக்கு வந்துசேரவில்லை. தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவருடைய ஊன்றுகோலே பெயராக நிற்கிறது. இளமையில் மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்ததை எண்ணி இரங்கும் கிழவரின் குரல் அது. அரிய கவிதை. ஆனால் இரண்டாயிரம் ஆண்டுகளாக நாம் அந்த இரங்கலிலேயே நின்றுவிட்டோம். நம் சிறுகதைகளில் முதியவர் திண்ணையில் இருப்பார், அல்லது பாயில் கிடப்பார், பழையதை நினைப்பார், கடைசிப் பத்தியில் இறப்பார். முதியவரின் உடலை நினைவு சேமிக்கும் பாத்திரமாக மட்டுமே கையாள்கிறோம். எழுபது வயதில் ஒன்றைப் புதிதாகக் கற்கும் உடல் நம் புனைவில் அருமையிலும் அருமை. ‘உட்கார்’ என்று மகன் சொல்வதைத்தான் எழுத்தாளனும் தன் நடையில் சொல்கிறான்.

மறுப்புகள் வரும். முதலாவது, அந்தக் காலப் பெருமை: அம்மி, உரல், கோலம் இருந்தவரை யாரும் விழவில்லை என்பது. விழுந்தார்கள், கணக்கெடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். குனிந்து கோலம் போடுவதும் பிள்ளையார்முன் தோப்புக்கரணம் போடுவதும் காலுக்கு நல்ல பயிற்சி என்பதை ஒப்புவேன். ஆனால் அம்மியை மீட்டுப் பெண்ணின் தலையில் கட்டும் நோக்கத்துக்கு இதைச் சான்றாக்கக் கூடாது. இரண்டாவது மறுப்பு கனமானது: வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்துத் தேய்ந்தவருக்கு உடற்பயிற்சியா? உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பு பிறர் தேவைக்கேற்ப உடலைச் செலவழிக்கிறது. பயிற்சி அந்த உடலுக்கே சேமித்து வைக்கிறது. மூட்டு தேய்ந்தவருக்குத்தான் மூட்டைத் தாங்கும் தசை கூடுதலாகத் தேவை. ஆம், அதற்குப் பருப்பும் முட்டையும் வேண்டும். கழிப்பறையில் கைப்பிடி வேண்டும். தெருவிளக்கும் மூடிய சாக்கடையும் வேண்டும். பயிற்சியைக் காட்டிப் பேரூராட்சி இவற்றிலிருந்து தப்பிக்க விடக் கூடாது. இவை வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போடவும் கூடாது.

செய்ய வேண்டியது மிக எளியது. உறுதியான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல். சன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குதல். கைக்கெட்டும் சுவர் பக்கத்திலிருக்க ஒற்றைக்காலில் நிற்றல். ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடத்தல். வாரத்தில் மூன்று நாளாவது, பழகப் பழகச் சற்றுக் கடினமாக்கிக்கொண்டே போக வேண்டும். தொடக்கத்தில் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். தலைச்சுற்றல் உள்ளவர்களும், தூக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்பவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். செலவு என்று எதுவுமில்லை.

ஆனால் தனியே வீட்டுக்குள் செய்யச் சொன்னால் பத்து நாளில் நின்றுபோகும். ஜப்பானில் 1928இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி, போருக்குப்பின் தடைப்பட்டு 1951இல் மீண்டது. இன்றும் அங்கே காலை ஆறரை மணிக்குப் பூங்காக்களில் முதியவர்கள் கூடுகிறார்கள். அவர்களைக் கூட்டுவது இசையும் அண்டைவீட்டாரும்தான். நம் ஊரில் குழாய் ஒலிபெருக்கிக்கா பஞ்சம்? விடியலில் அம்மன் பாட்டுப் போடும் அதே குழாயில் பத்து நிமிடம் போதும். கோயில் திடல் இருக்கிறது, பள்ளி மைதானம் இருக்கிறது. கற்றுத்தர வெளியாள் வேண்டாம்; அறிவொளியில் சைக்கிள் கற்றுத்தந்த பெண்களே இருக்கிறார்கள். அவர்களை நோயாளிகளாக அழைக்காமல் ஆசிரியைகளாக அழைக்க வேண்டும்.

காரணமும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. ஆனால் அந்தப் பேருந்துகளின் முதல் படி ஒரு மூதாட்டியின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. சீட்டு இலவசமானாலும் படி ஏற முடியாதவருக்குப் பயணம் இல்லை. ‘விழாமல் இருக்கப் பயிற்சி செய்யுங்கள்’ என்பதை விட்டுவிடுவோம். ‘யார் கையையும் பிடிக்காமல் பேருந்தில் ஏறிப் புதுக்கோட்டைக்கு மகள் வீட்டுக்குப் போய்வரலாம், வாருங்கள் ஆத்தா’ என்று சொல்லிப் பார்ப்போம். முப்பது ஆண்டுகளுக்கு முன் சைக்கிளில் ஏறியவர்கள் இந்தப் பேச்சைக் கேட்பார்கள். கேட்கத் தெரிந்த அவர்களிடம் சரியான சொல்லைச் சொல்லாதது நம் குற்றம்.