வண்டிக்கு ஜாதகம் உண்டு, ஓட்டுநருக்கு?



வேனோ பேருந்தோ கவிழ்ந்து உயிர்கள் போன மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரு வரி வரும்: ‘ஓட்டுநர் மீது ஏற்கெனவே வழக்குகள் உள்ளனவா என்று போலீசார் விசாரித்து வருகின்றனர்.’ அவரை வேலைக்கு வைத்த அன்றே இதை யாராவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. அதைக் கண்டித்துத்தான் இந்தக் கடிதம்.

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலை ஒன்றில் வண்டிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தவன் நான். விடிவதற்குள் சோளிங்கர், பாணாவரம், வாலாஜா பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிகளுக்கு வேன்கள் ஓடுகின்றன. வழக்கமான டிரைவர் லீவு போட்டால் காண்டிராக்டர் ராத்திரியே போன் போட்டு ஒரு ஆக்டிங் டிரைவரைப் பிடிப்பார். “லைசென்ஸ் இருக்கா? பேட்ஜ் இருக்கா?” அவ்வளவுதான் விசாரணை. காலையில் அந்த முகத்தை முதன்முதலாகப் பார்ப்பது வேனில் ஏறும் பெண்கள்தான்.

அந்த வேனைப் பற்றியோ எல்லாம் தெரியும். அரசின் எம்பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டினால் எஃப்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று என்று வரிசையாக வந்து நிற்கும். வண்டிக்கு ஜாதகம் இருக்கிறது, ஸ்டியரிங் பிடிப்பவருக்கு இல்லை. உரிமங்களுக்கான அரசின் சாரதி தளத்தில் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால், உரிமம் செல்லுமா, எந்த வகை வண்டி ஓட்டலாம் என்பது தெரியும். குடித்துவிட்டு ஓட்டி முன்பு பிடிபட்டவரா என்பதை எங்கே போய்ப் பார்ப்பது?

பழைய புத்தக லைசென்ஸ் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி, தகுதிநீக்கம் செய்தால் அதை உரிமத்திலேயே எழுத வேண்டும். பக்கத்தைப் புரட்டினால் முதலாளிக்குத் தெரிந்துவிடும். மூன்று ஆண்டுகள் வேறு குறிப்பு ஏறாமல் ஒழுங்காக ஓட்டினால், கறையில்லாத புது உரிமம் வாங்கிக்கொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. அட்டை வந்ததும் அந்தப் பக்கங்கள் போய்விட்டன. 2019 சட்டத் திருத்தம் ஓட்டுநர் உரிமங்களுக்குத் தேசியப் பதிவேடு என்றது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், தகுதிநீக்கங்களையும் ரத்துகளையும் தேதிவாரியாகத் தளத்தில் ஏற்ற வேண்டும், ஓட்டுநரின் நடத்தையைக் கண்காணிக்க வேண்டும் என்றது. சரி, ஏற்றியதை யார் பார்ப்பது? காண்டிராக்டருக்கும் கம்பெனிக்கும் வழி இல்லை. டிரைவருக்கே தன் முழு வரலாற்றை ஒரே தாளில் எடுத்துக்கொள்ள வழி இல்லை.

கேமரா போடும் அபராதத்தையும் பாருங்கள். கேமரா வண்டி எண்ணைத்தான் படிக்கிறது, அபராதம் உரிமையாளருக்குப் போகிறது. அவர் கட்டிவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார், கணக்கு முடிந்தது. அன்று வண்டியை ஓட்டியது யார் என்பது பெரும்பாலும் எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது நல்ல டிரைவர்களின் நிலைமை. பச்சைத்தோல் லோடு ஏற்றிக்கொண்டு மாநிலம் மாநிலமாக ஓடி, ஒரு கீறல் இல்லாமல் வயதானவர்களை நான் அறிவேன். வேறு கம்பெனிக்குப் போனால், நேற்று பேட்ஜ் வாங்கிய பையனோடு வரிசையில் நிற்கிறார்கள், சம்பளமும் அதே சம்பளம். காட்டுவதற்கு அவர்களிடம் ஒரு தாளும் கிடையாது.

நீதிமன்றங்களையும் குறை சொல்ல முடியவில்லை. உரிமத்தைப் பார்த்து, ஓட்டச் சொல்லிப் பார்த்தால் போதும், ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போய் உரிமையாளர் விசாரிக்க வேண்டியதில்லை என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றைய நடைமுறைக்கு அது நியாயம். அதே நீதிமன்றம் 1997இல் டெல்லிப் பள்ளிப் பேருந்துகளுக்கு, அடிக்கடி அபராதம் வாங்கியவரை வைக்கக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தது. வாங்கினாரா என்று பள்ளிக்கூடம் எப்படித் தெரிந்துகொள்ளும் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

பிரிட்டனில் 2015இல் உரிமத்தோடு இருந்த காகிதப் பகுதியை ஒழித்தபோதே மாற்று வழியும் வைத்தார்கள். டிரைவர் தன் போனில் ஒரு குறியீட்டை எடுத்து முதலாளிக்குக் கொடுக்கிறார். அது 21 நாள் செல்லும், அதற்குள் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் லாரி கம்பெனிகள் ஒவ்வொரு டிரைவரின் பதிவையும் ஆண்டுக்கு ஒருமுறை வாங்கிப் பார்த்தே ஆக வேண்டும். நமக்கு ஏற்றது பிரிட்டன் வழி. சாவி டிரைவர் கையில் இருப்பதால், அந்தரங்கம் போகிறது என்று யாரும் சொல்ல முடியாது.

பதிவு கிடைத்தால் மட்டும் போதாது, படிக்கத் தெரிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 177 என்று இருந்தால் பெரும்பாலும் சில்லறைக் குற்றம். 185 என்றால் குடிபோதை, 184 என்றால் ஆபத்தாக ஓட்டியது. எண்ணை மட்டும் பார்க்கும் மேலாளருக்கு எல்லாம் ஒன்றுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பக்கம் மோதல் என்றால் பெரிய வண்டிக்காரர் மேல்தான் முதலில் கேஸ் விழும். பிறகு அவர் விடுதலையானால் அதுவும் பதிவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு எஃப்.ஐ.ஆர். அவர் பிழைப்பையே முடித்துவிடும். டிரைவருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை 2019இல் எடுத்துவிட்டார்கள், நல்லதுதான். அப்படியானால் அதிகம் படிக்காதவருக்கும் புரியும்படி, அந்தப் பதிவு ஆங்கிலமும் பிரிவு எண்களுமாக இல்லாமல், நடந்தது என்ன, முடிவு என்ன என்று தமிழில் இருக்க வேண்டும்.

2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். எங்கள் சோளிங்கரில் பிரேக்குக்கான வார்ப்புகள் செய்யும் பெரிய ஆலை 2003இல் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கியது. பிரேக்கை மிதிப்பவரைப் பற்றி மட்டும் நமக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் போலிருக்கிறது!

சாரதி தளத்தில் டிரைவர் தன் பதிவைத் தமிழில் இலவசமாக எடுக்கும் வசதியைப் போக்குவரத்துத் துறை மத்திய அமைச்சகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களின் சாலைப் பாதுகாப்புக் குழுக்கள், தொழிலாளர் வேன் ஓட்டும் ஒவ்வொருவரின் தகுதிநீக்க விவரத்தையும் ஆக்டிங் டிரைவர் உட்பட வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திடம் சரிபார்த்த பிறகே கம்பெனிகள் வண்டியைக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுக்கலாம். கார்த்திகை ஞாயிறுகளில் எங்கள் சோளிங்கர் மலைக்கோயிலுக்கு வரும் சுற்றுலா வேன்களை அதற்கடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கொண்டபாளையம், சோளிங்கர்.