கருவி யாருக்குச் சேதி சொல்கிறது?

சுரங்கம் தோண்டுமிடமெல்லாம் இன்று 'சென்சார்' எனும் உணர்கருவிகளைப் பதிக்கிறார்கள். ஆற்றில் கலக்கும் நஞ்சு, காற்றில் பறக்கும் தூசு, கழிவணைக்குள் ஏறும் நீரழுத்தம் ஆகியவற்றை இடையறாது அளந்து, கம்பியின்றியே கணினிக்கு அனுப்புகின்றன அவை. வரவேற்கிறோம்! அறிவியலை வெறுப்போரல்லர் நாம். ஆயினும் ஒரு கேள்வி: அந்தக் கருவி யாருக்குச் சேதி சொல்கிறது?

பிரேசில் நாட்டுப் புருமாடின்யோவைப் பாருங்கள். வாலே நிறுவனத்தின் இரும்புச் சுரங்கம். கழிவுச் சேற்றைத் தேக்கிய 86 மீட்டர் உயர அணை. உள்ளே நீரழுத்தத்தை அளக்கத் தானியங்கிக் கருவிகள் இருந்தன. 2019 ஜனவரி 10ஆம் நாள் அவற்றுள் ஐந்து, வழக்கத்துக்கு மாறான அளவுகளைக் காட்டின. பொறியாளரிடையே மின்னஞ்சல்கள் பறந்தன. 25ஆம் நாள் நண்பகலில் அணை உடைந்தது. அபாயச் சங்கு ஊதவில்லை! அணைக்குக் கீழேயே இருந்த உணவு விடுதியில் உண்டுகொண்டிருந்த தொழிலாளரைச் சேறு மூடிற்று. மாண்டோர் 270 பேர். பராஓபெபா ஆற்றில் உலோகக் கழிவு கலந்தது. அந்நீரை அப்படியே பயன்படுத்தாதீர் என்று அரசே எச்சரித்தது. அதே மாநிலத்தில் 2015இல் மரியானாச் சுரங்க அணை உடைந்து 19 பேர் மாண்ட பாடம் கண்முன் இருந்தும் இந்தக் கொடுமை!

கருவியமைப்பில் கோளாறு, அளவுகள் பிழை என்றது நிறுவனம். இருக்கட்டுமே! பிழையா, மெய்யா என்று தெளியும்வரை தொழிலாளரை அப்புறப்படுத்தியிருக்க வேண்டாமா? ஐயம் எழுந்தது அலுவலகத்தில். உயிர் போனது உணவு விடுதியில்!

தேங்கிய சேற்றின்மீதே கரையை உயர்த்திக்கொண்டு போகும் இவ்வகை அணைகளை 2020இல் பிரேசில் சட்டமியற்றித் தடுத்தது. நன்று. ஆனால் அது போதாது. கருவி தரும் அளவுகள் நிர்வாகியின் மேசையோடு நிற்கலாகாது. அதே நொடியில் தொழிற்சங்கத்துக்கும், ஆற்றங்கரைச் சிற்றூருக்கும், அரசுக் கண்காணிப்பாளருக்கும் போய்ச் சேரவேண்டும். அளவு எல்லை மீறினால், எவர் ஒப்புதலுக்கும் காத்திராது சங்கு ஊதவேண்டும். வேலையை நிறுத்தி வெளியேறத் தொழிலாளிக்கு உரிமை வேண்டும்.

முதலாளி மட்டுமே படிக்கும் கருவி, முதலாளியின் சொத்தைத்தான் காக்கும். மக்களும் படிக்கும் கருவியே மக்களைக் காக்கும்!