இடைவேளையில் வசைபாட ஆள் வேண்டும்

கால்பந்தாட்டத்தின் இரு பாதிகளுக்கு நடுவே வரும் பதினைந்து நிமிடம் ஆட்டக்காரர்களுக்குத்தான் ஓய்வு. பார்வையாளர்களுக்கு அப்போதுதான் வேலை தொடங்குகிறது. பந்து ஓடிக்கொண்டிருக்கும்வரை ரசிகன் வெறும் கண்ணாக இருக்கிறான். நடுவரின் விசில் ஒலித்ததும் அவனுக்கு வாய் முளைக்கிறது. யாரை வெளியே அழைக்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட்டையாகக் கிடக்கிறது, பயிற்சியாளருக்குக் கண் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அந்தப் பதினைந்து நிமிடத்தில் தீர்ப்பாகிவிடும். அந்தச் சத்தத்தை நாம் தொந்தரவாகவே கருதிப் பழகிவிட்டோம். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு உண்மையான சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்பதை அறிய அதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாஞ்சில் நாடு என்றதும் இலக்கிய வாசகர்களின் மனதில் எழுவது தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்களும் குளங்களும்தாம். அதே குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலிருந்து கேரள எல்லைவரை, இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என எட்டு மீனவ ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள் இவ்வூர்க்காரர்கள். கரையில் அவர்களுடைய ஆட்டம் கால்பந்து. 2019இல் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்காக ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர். கிரிக்கெட்டுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஒரு நாட்டில், கடலரிப்பால் மணல் குறைந்துகொண்டே வரும் ஒரு கரையிலிருந்து இவர்கள் எப்படி வந்தார்கள் என்ற கேள்விக்கு விடை ஆடுகளத்தின் விளிம்பில் நிற்கிறது.

இவ்வூர்களில் நடக்கும் போட்டிகளின் இடைவேளையில், ஒரு காலத்தில் ஆடியவரும், நாளை மறுநாள் மீண்டும் கடலுக்குப் போகவிருப்பவரும், இன்னும் பள்ளிக்கூடம் முடிக்காத பையனும் ஒரே குரலில் வாதிடுவார்கள். "அவனுக்கு மூச்சு வாங்குது மக்கா, கண்ணு தெரியலியா?" என்று கேட்பவர் அந்த ஆட்டக்காரனின் தாய்மாமனாக இருக்கலாம், ஞானத்தகப்பனாக இருக்கலாம். வைபவருக்கும் வசை வாங்குபவனுக்கும் மறுநாளும் ஒரே தெருதான். எனவே அந்த வசையில் பொறுப்பு இருக்கிறது. வைதுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவதுமில்லை; இரண்டாம் பாதி முடியும்வரை அங்கேயேதான் நிற்கிறார்.

நம் கல்லூரிப் போட்டிகளில் இல்லாமல்போனது இதுதான். குமரி மாவட்டத்துக் கல்விக்கு நீண்ட வரலாறு உண்டு. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893இல் கல்லூரியானது. தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952இல் தொடங்கியது. கடற்கரைப் பிள்ளைகளுக்கு அருகிலேயே தூத்தூரில் புனித யூதா கல்லூரி இருக்கிறது. ஒரே நகரத்துக்குள், ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் கல்லூரிகளுக்கிடையே பகையற்ற போட்டிமனம் வளர எல்லாச் சூழலும் உண்டு. ஆயினும் தமிழகத்தில் பொதுவாகக் கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டம் என்பது, ஒரு வேலைநாளின் காலையில் இரு அணிகளும் நடுவர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் மட்டும் கூடிக் கலையும் நிகழ்ச்சியாகவே இருக்கிறது. அங்கும் இடைவேளை உண்டு, தண்ணீர் குடிப்பார்கள். கேள்வி கேட்க ஆளில்லை. வென்ற கோப்பை முதல்வர் அறையின் கண்ணாடி அலமாரிக்குப் போகிறது. வகுப்புத் தோழர்களில் பாதிப்பேருக்கு ஆட்டம் நடந்ததே தெரியாது.

அமெரிக்காவில் ஹார்வர்டு, யேல் ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் 1875 முதல் மோதிவருகின்றன. அவர்கள் ஃபுட்பால் என்று அழைப்பது கையில் பந்தை ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். ஆனால் கூட்டத்தின் இயல்பு ஒன்றுதான். 1968ஆம் ஆண்டு ஆட்டத்தில் இடைவேளையின்போது யேல் 22–6 என்று முன்னணியில் இருந்தது. கடைசி 42 விநாடிகளில் ஹார்வர்டு 16 புள்ளிகள் எடுத்து 29–29 எனச் சமன் செய்தது. ஹார்வர்டு மாணவர்களின் நாளிதழ், 29–29 கணக்கில் யேலை ஹார்வர்டு வென்றது என்று தலைப்பிட்டது. இடைவேளையிலேயே கணக்கை முடித்துவிட்டு எழுந்துபோன ரசிகனுக்கு அந்தத் தலைப்பின் நகைச்சுவை புரிந்திருக்காது.

2019இல் அதே ஆட்டத்தின் இடைவேளையில் மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் மைதானத்துக்குள் இறங்கி அமர்ந்துவிட்டார்கள். புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களில் தம் பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் முதலீட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அவர்களது கோரிக்கை. இரு தரப்பு ரசிகர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். இரண்டாம் பாதி ஏறக்குறைய ஒரு மணிநேரம் தாமதமாயிற்று. பலர்மீது வழக்குப் பதிவாயிற்று. இருட்டத் தொடங்கிய வேளையில் யேல் 50–43 என வென்றது. அதற்காக அந்தப் போட்டியே கைவிடப்பட்டுவிடவில்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் புரளும் பணத்தையும் விளம்பரத்தையும் நான் பரிந்துரைக்கவில்லை. படித்து முடித்துப் போனவரும் தன் கல்லூரியிடம் ஆடுகளத்தில் வந்து கணக்குக் கேட்கும் உரிமையைத்தான் சொல்கிறேன்.

கூட்டம் சேர்ந்தால் சண்டை வரும் என்பார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆட்டத்தைப் பற்றிய வசை, ஊரைப் பற்றியும் சாதியைப் பற்றியும் ஆகும் கணத்தில் அது விமர்சனம் அல்ல, இழிவு. அதைத் தடுத்தே ஆகவேண்டும். ஆனால் கடற்கரை இளைஞர் கூடினாலே அதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகக் காணும் உள்நாட்டு மனம் வேறொரு நோய். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் இந்தக் கரை தன் ஆண்களை இழந்தது. காணாமற்போனவர்களைத் தேடச்சொல்லி அந்த டிசம்பரில் இம்மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். அன்று மாநிலம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. சேர்ந்து நிற்கவும் சேர்ந்து குரலெழுப்பவும் மனிதர்கள் எங்கோ பழகிக்கொள்கிறார்கள். கோயில் முற்றத்தைப் போலவே ஆடுகளத்தின் விளிம்பும் அப்படியோர் இடம்தான்.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1988இல் சுந்தர ராமசாமி நாகர்கோவிலிலிருந்து 'காலச்சுவடு' இதழைத் தொடங்கினார். அத்தகைய சிறுபத்திரிகைகளை வாழவைத்தவர்கள் பாராட்டுக் கடிதம் எழுதியவர்கள் மட்டுமல்லர். கதை மோசம், கட்டுரை அதைவிட மோசம் என்று அஞ்சலட்டையில் வைதுவிட்டு, அதே கையால் சந்தாவையும் புதுப்பித்தவர்கள். வைவதற்குக்கூட ஆளில்லாத இதழ் ஒரு நாள் ஓசையின்றி நின்றுபோகும். கல்லூரி விளையாட்டும் அப்படித்தான் நின்றுபோய்க்கொண்டிருக்கிறது.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. கல்லூரிகளுக்கிடையிலான இறுதி ஆட்டங்களையாவது மாலையில் நடத்தலாம். கதவைத் திறந்து ஊராரை உள்ளே விடலாம். முன்னாள் ஆட்டக்காரர்களை மேடையில் உட்கார வைப்பதற்குப் பதில் கோட்டருகே நிற்க விடலாம். சில ஆட்டங்களையேனும் கடற்கரை ஊர்களின் மைதானங்களுக்குக் கொண்டுபோகலாம். முதல் பாதியில் மோசமாக ஆடிய ஒரு மாணவன், இடைவேளையில் நூறு பேர் முன்னிலையில் அதைக் காதால் கேட்டுவிட்டு மீண்டும் களத்தில் இறங்கட்டும். எந்தப் பட்டமளிப்பு உரையும் கொடுக்காத கல்வி அது. அந்த நூறு பேரும் ஆட்டம் முடியும்வரை நிற்பார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.