கடலூர் ரயில் பாதையில் உணவுச் சரக்குக்கும் இடம் வேண்டும்

விருத்தாசலத்தில் கிளம்பி நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் துறைமுகம் சந்திப்பில் முடியும் ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கடலூர் முதுநகரில் உள்ள அந்தச் சந்திப்பில் அது விழுப்புரம்–மயிலாடுதுறை பாதையோடு சேர்கிறது. அங்கிருந்து வடக்கே நெல்லிக்குப்பம், பண்ருட்டி. தெற்கே பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். மறுமுனையான விருத்தாசலம், விழுப்புரம்–திருச்சி கார்டு லைனும் சேலம் பாதையும் கூடும் இடம். சர்க்கரை, முந்திரி, பலா, மல்லாட்டை (நிலக்கடலை), நெல், மீன் என்று கடலூர் மாவட்டம் விளைவிப்பவற்றிலும் பதப்படுத்துபவற்றிலும் பெரும்பகுதி இந்தத் தண்டவாளங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலானவை ஊரைவிட்டுப் போவது லாரியில். இந்த நிலை மாற ரயில்வே தன் சரக்கு விதிகளைத் தளர்த்த வேண்டும். மாநில அரசு அதற்குத் துணை நிற்க வேண்டும்.

நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842இல் தொடங்கியது. அப்போது தென்னிந்தியாவில் பயணிகள் ரயிலே கிடையாது. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைக்காவிட்டால் சர்க்கரைக் கட்டுமானம் குறையும் என்பதால், கரும்பை வயலிலிருந்து டிராக்டரும் லாரியும் கொண்டுவருவதே சரி. ஆலையைவிட்டு வெளியேறும் சர்க்கரை மூட்டைக்கும் மொலாசஸுக்கும் அந்த அவசரம் இல்லை. எடை மிகுந்த, நெடுந்தூரம் போகும், கெடாத சரக்கு என்றால் அது ரயிலுக்கே உரியது.

முந்திரியின் கதை இன்னும் அழுத்தமானது. பண்ருட்டி, காடாம்புலியூர் வட்டாரத்தில் கொட்டையை வேகவைத்து, உடைத்து, தோலுரித்து, தரம் பிரிக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், பிழைக்கிறார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரிக் காடுகளையும் பலா மரங்களையும் சாய்த்தது. புதிதாக நட்ட கன்றுகள் காய்க்க ஆண்டுகள் பிடித்தன. உள்ளூர்க் கொட்டை ஆலைகளுக்குப் போதாததால் ஆப்பிரிக்க நாடுகளின் கொட்டை தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வருகிறது. உடைத்த பருப்பு நாடெங்கும் போகிறது. ஆக, போகும்போதும் வரும்போதும் சுமை இருக்கும் தொழில் இது. சரக்கு ரயிலை நடத்துபவர்கள் தேடுவது இப்படிப்பட்ட தொழிலைத்தான்.

பிறகு ஏன் ரயிலில் ஏறவில்லை? சரக்கு குறைவு என்பதால் அல்ல. ரயில்வே வைத்திருக்கும் அளவு பெரிது என்பதால். ஒரு வேகன், இரண்டு வேகன் என்று பதிவு செய்யும் முறையை 1980களிலிருந்து ரயில்வே படிப்படியாகக் கைவிட்டு, முழு ரயிலையும் ஒரே சரக்கால் நிரப்புவோருக்கே முன்னுரிமை தந்தது. நிலக்கரிக்கும் சிமென்ட்டுக்கும் அது பொருந்தும். அரசு கொள்முதல் செய்யும் நெல்லுக்கும் பொருந்தும்: நீடாமங்கலத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் 42 வேகன்களில் 2,000 டன் வரை நெல் வெளிமாவட்ட அரவைக்குப் போகிறது. மாதம் 50 டன் பருப்பு அனுப்பும் முந்திரி வியாபாரிக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. ‘மினி ரேக்’ என்ற சலுகையிலும் 20 வேகன்கள் வேண்டும். ஆயிரம் டன்னுக்கு மேல் சேர்க்க வேண்டும். சிறு தொழில்களை இப்படி விலக்கியதற்கு ரயில்வேயும் விலை கொடுத்திருக்கிறது. 1951இல் நாட்டின் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுமந்த ரயிலின் பங்கு இன்று மூன்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. 2030க்குள் அதை 45 விழுக்காடாக்க வேண்டும் என்று தேசிய ரயில் திட்டமே இலக்கு வைத்திருக்கிறது. நிலக்கரியை மட்டும் நம்பி அந்த இலக்கை அடைய முடியாது.

சிறு சுமைகளைச் சேர்த்தும் ரயில் நடத்த முடியும். அமெரிக்காவில் ரயில் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 1980ஆம் ஆண்டின் ஸ்டேக்கர்ஸ் சட்டத்துக்குப் பின், பெரிய நிறுவனங்கள் லாபமில்லை என்று கைவிடவிருந்த கிளைப் பாதைகள் சிறு நிறுவனங்களிடம் போயின. இன்று அப்படிச் சுமார் 600 குறும்பாதை ரயில்கள் இயங்குகின்றன. மாவு ஆலையில் மூன்று வேகன், எண்ணெய் ஆலையில் இரண்டு வேகன் என்று சேர்த்துச் சந்திப்பு நிலையத்தில் பெரிய ரயிலிடம் ஒப்படைப்பதே அவற்றின் பிழைப்பு. இங்கே பாதையைத் தனியாரிடம் விற்கத் தேவையில்லை, விற்கவும் கூடாது. வேகன் சேர்க்கும் அந்த வேலைமுறை மட்டும் போதும். கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பத்தில் ஏறும் வேகன்கள் விருத்தாசலத்துக்கு வந்தால், அங்கே சென்னை, திருச்சி, சேலம் என மூன்று திசைகளும் திறந்திருக்கின்றன. சேலம் திசையில் சின்னசேலம், ஆத்தூர் ஜவ்வரிசியும் அதே ரயிலில் சேரலாம்.

அதிகாரிகள் செலவுக் கணக்கைக் காட்டுவார்கள்: நாலு வேகனுக்காக ஓர் எஞ்சினும் ஊழியர்களும் அலைய முடியாது என்று. கணக்கில் தவறில்லை, ஆனால் அது பாதிக் கணக்கு. பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாக விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையையும், கடலூர், சிதம்பரம் வழியாக விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையையும் நான்கு வழியாக்குவதற்கு அரசுப் பணம் கொட்டப்படுகிறது. சாலைக்குத் தரும் பணத்தில் ஒரு பங்கைத் தண்டவாளத்துக்கும் தருவதில் என்ன தடை? கிசான் ரயில் இதற்குப் பாடம். 2020 ஆகஸ்ட் 7 அன்று மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் தொடங்கிய அந்தச் சேவை, காய்கனிகளுக்குப் பாதிக் கட்டணச் சலுகையோடு ஓடியது; விவசாயி சிறு அளவிலும் அனுப்ப முடிந்தது. 2,300 நடைகளுக்கு மேல் ஓடிய அந்த ரயில் மானியம் நின்றதும் தளர்ந்தது. சரக்கு இருந்தது, நிலைத்த ஆதரவுதான் இல்லாமல் போனது.

எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிவிட முடியாது. முடசலோடையிலும் கடலூர்த் துறைமுகத்திலும் இறங்கும் மீன் ஐஸ் பெட்டியில் விடியலுக்குள் சந்தை சேர வேண்டும். நேரம் தவறாத குளிர்பதன வண்டி வரும்வரை அது லாரியில் போவதே நல்லது. பலா அப்படியல்ல. ஏப்ரல் முதல் ஜூலை வரையான பருவத்தில் முற்றிய காயாக அனுப்பினால் இரண்டு மூன்று நாள் பயணத்தைத் தாங்கும். 23 டன் கொள்ளும் பார்சல் வேன் ஒன்றைப் பயணிகள் ரயிலோடு இணைத்தால் போதும். பண்ருட்டியில் ரயில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பினால் பழம் ஏறாது. வேனை முன்னதாகவே நிலையத்தில் நிறுத்திச் சுமையேற்ற வேண்டும்.

விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை அகலப்பாதைப் பணிக்காக 2006 இறுதியில் மூடப்பட்டு 2010இல் திறந்தது. மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்த மக்களுக்குக் கிடைத்தது இன்னமும் ஒற்றை வழித்தடம்தான். இரட்டைப் பாதை வரும்வரை காத்திருக்காமல், பயணிகள் ரயில் குறைவாக ஓடும் விருத்தாசலம்–கடலூர் பாதையில் வாரம் இருமுறை கலப்புச் சரக்கு ரயிலைத் தெற்கு ரயில்வே மூன்று ஆண்டுகளுக்குச் சோதனையாக விட வேண்டும். ஒரு வேகனுக்கும் பதிவு ஏற்க வேண்டும். முதல் மூன்று ஆண்டு இழப்பில் பாதியை மாநில அரசு ஏற்க வேண்டும். கடலூர் முதுநகரிலும் பண்ருட்டியிலும் வியாபாரிகள் பொதுவில் பயன்படுத்தும் கிடங்கைக் கட்டித் தர வேண்டும். அடுத்த முந்திரிப் பருவத்துக்குள் இந்த ரயில் ஓடத் தொடங்க வேண்டும்.